நாற்பத்தொரு பென்சில் எண்கள்

லோவீ டாகெட்டின் கண்ணில் சர்க்கரை வியாதி கை வைத்த வருஷம் அது. அவள் அதைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை. லாரி பழுது பார்க்கிற பெல் ஃபோர்க் ராணுவ டிப்போவுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற சின்ன லேத் பட்டறை அவர்களுடையது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, மூன்று லேத், ஐந்து ஆட்கள். அவள் புருஷன் ஹாய்ட் இரும்பைத் தடவிப் பார்த்தே அதன் குணத்தைச் சொல்லிவிடுவார். ஆனால் எழுத்தும் எண்ணும் அவருக்குப் பிடிபடாது. வரைபடத்தைப் படிப்பதும், செய்து முடித்த சாமானை அளந்து சரி என்று கையெழுத்துப் போடுவதும் லோவீயின் வேலை. பார்வை மங்கியவள் அளக்கிறாள் என்று டிப்போவுக்குத் தெரிந்தால் பட்டறையின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள்.

டிப்போவின் வரைபட அறை ஜன்னலில் இருந்தவர் எமெட் ஸ்டக்கி. வரைபடங்களெல்லாம் தீப்பெட்டி அளவு ஃபிலிமாக அட்டைகளில் ஒட்டியிருக்கும். அதைத் தாளில் எடுத்துக் கொடுப்பார். அப்படி எடுத்த தாளில் எண்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை லோவீ அவர் முன்னால் தாளை மூக்குவரை கொண்டுபோனாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு எல்லாம் புரிந்தவள்போல மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அவர் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை வாங்கி வந்த தாளை வீட்டில் விரித்தபோது, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதே எண் பென்சிலால் பெரிதாக எழுதியிருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல உருட்டி உருட்டி எழுதியிருந்தது. தற்செயல் என்று நினைத்தாள். அதற்கடுத்த தாளிலும் இருந்தது. அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம், அவளுக்கு வந்த எந்தத் தாளிலும் பென்சில் எண் இல்லாமல் போனதில்லை. அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஜன்னலில் மழையைப் பற்றியும் தக்காளியைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். கல்யாணமானவளையும் மிஸ் என்று மரியாதையாகக் கூப்பிடுகிற ஊர் வழக்கப்படி அவர் அவளை மிஸ் லோவீ என்பார். கர்த்தர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எமெட்டை டிப்போவில் எல்லாரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வரைபடத்தைத் திருத்திப் புதிய தாள் வந்துவிட்டால் பழைய அட்டையை ஏழு நாளுக்குள் அழிக்க வேண்டும் என்பது விதி. மற்ற டிப்போக்களில் அந்த விதி சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும், பழைய அட்டைகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். எமெட் ஏழாம் நாள் மத்தியானம் மேஜையில் பெரிய கத்திரிக்கோலை எடுத்து வைப்பார். ஒவ்வொரு அட்டையையும் நாலாக வெட்டுவார். ரிப்பேர் ஆட்கள் ஜன்னலில் சாய்ந்துகொண்டு வம்புக்கு இழுப்பார்கள்.

"ஏன் கத்திரி, வீட்டுல புது மாடல் வந்தா உன் சம்சாரத்தையும் ஏழாம் நாள் வெட்டிடுவியா?"

"அவளுக்குத் திருத்தம் போட ஆள் இன்னும் பிறக்கலப்பா," என்பார், வெட்டுவதை நிறுத்தாமல்.

அவர் வெட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. வாலிபத்தில் ஜெர்மனியில் பட்டாளத்துப் பட்டறையில் எழுத்தராக இருந்தபோது, பழைய தாளைப் பார்த்து யாரோ ஒரு கொக்கி செய்துவிட்டார்கள். எஞ்சினைத் தூக்கும்போது கொக்கி விரிந்தது. கீழே நின்ற பையனுக்கு இரண்டு காலும் போனது. பழைய தாளை எடுத்துக் கொடுத்தது எமெட் அல்ல. ஆனால் அந்தப் பையனின் பூட்ஸை மூட்டை கட்டி அவன் தாய்க்கு அனுப்பியது அவர்தான். அதற்குமேல் அவர் அலமாரியில் பழைய தாள் ஒன்றும் தங்கவில்லை.

மனைவி போன பிறகு அவர் தனியாக இருந்தார். மெதடிஸ்ட் கோவிலில் பாட்டுக்குழுவில் அடித்தொண்டையில் சுருதி தப்பிப் பாடுவார். லோவீயும் ஹாய்ட்டும் பாப்டிஸ்டுகள். "ஞானஸ்நானம்னு தலையில நாலு சொட்டுத் தெளிச்சுக்கிட்டு மோட்சத்துக்குப் போறவங்க நீங்க, நாங்கதான் முழுசா நனையணும்," என்று ஹாய்ட் கேலி செய்வார். எமெட் சிரித்துக்கொண்டே வெண்டைக்காய்ப் பையை நீட்டுவார்.

இனி அந்தப் பம்பு மூடி விஷயம்.

ராணுவ லாரியின் எஞ்சினுக்கு எண்ணெய் தள்ளுகிற பம்பு ஒன்று. அதன் மேல் மூடி உள்ளங்கை அகலம்தான் இருக்கும், ஆனால் செய்வது கஷ்டம். வளைகுடாச் சண்டை வந்த வருஷம் டிப்போ அந்த மூடியை அவசரமாகக் கேட்டது. டாகெட் பட்டறைக்கு வேலை கிடைத்தது. தாளை விரித்ததும் லோவீ அசந்துபோனாள். நாற்பத்தொரு எண்கள், நாற்பத்தொன்றுக்கும் பக்கத்தில் பென்சில் எழுத்து. இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையாவது அவர் இதற்குக் கொடுத்திருக்க வேண்டும். கீழே வலது மூலையில் மரை அளவை எழுதும்போது தப்பு செய்து, ரப்பரால் அழித்து, மறுபடி எழுதியிருந்தார். எண்ணூறு மூடி செய்து கொடுத்தார்கள், ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

வேலை முடிந்ததும் தாளை எரித்துவிட்டு, எரித்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். எல்லாப் பட்டறைக்கும் அதுதான் விதி. லோவீ ஒவ்வொரு தாளையும் கொட்டகைப் பின்னால் பீப்பாயில் போட்டு எரிப்பாள். இந்தத் தாளை மட்டும் தீயில் போட அவளுக்குக் கை வரவில்லை. மடித்து, தேவதாருப் பெட்டியில் குளிர்காலப் போர்வைகளுக்கு அடியில் வைத்தாள். எரித்தோம் என்றுதான் கையெழுத்துப் போட்டாள். அவள் வாழ்நாளில் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். அந்த ஞாயிறு முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டாள், ஆனால் தாளை வெளியே எடுக்கவில்லை.

அதற்குப்பின் மூடி தேவைப்படவில்லை. ஏழாம் வருஷம் வசந்தகாலத்தில் மறுபடி ஆர்டர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு லோவீ ஜன்னலுக்குப் போனாள். அதை நம்பித்தான் இருந்தார்கள். வேறு வேலை குறைந்துபோய், ஆட்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கொடுத்துக்கொண்டிருந்தாள். மூடி வேலை வந்தால் பட்டறை நிற்கும், வராவிட்டால் மூட வேண்டியதுதான்.

எமெட் உடனே தாளை எடுக்கப் போகவில்லை.

"தர முடியாது மிஸ் லோவீ. அந்தத் தாளுல இப்போ முத்திரை இருக்கு."

என்ன முத்திரை என்று கேட்டாள். அவர் மெல்லச் சொன்னார்.

ராணுவம் ஒரு சாமானை வாங்குவது வேறு, அதைச் செய்கிற வழியை வாங்குவது வேறு. சாமானை மட்டும் வாங்கினால் ஒரு போல்ட்டுக்குக்கூட ஆயுசுக்கும் அந்தக் கம்பெனியின் வாசலில் நிற்க வேண்டும். வழியையும் சேர்த்து வாங்கினால் வரைபடத்தை யாரிடம் கொடுத்தும் செய்துகொள்ளலாம். அந்தப் பம்பு மூடிக்கு அரசாங்கம் அந்தக் காலத்திலேயே இரண்டுக்கும் கொடுத்திருந்தது. வடிவமைத்த செலவே அரசாங்கத்துடையது. அதனால்தான் ஊரிலிருக்கிற சின்னப் பட்டறையெல்லாம் அதைச் செய்ய முடிந்தது. பிறகு, முதலில் செய்த கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று விழுங்கியது. சண்டை முடிந்த மறுவருஷம் அவர்கள் வரைபடங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, புதிய திருத்தம் என்று டிஸ்க்குகளில் அனுப்பினார்கள். அந்த டிஸ்க்குகளைத் திறந்து பார்க்கிற மெஷின் டிப்போவுக்கு வந்து சேர்ந்தது எட்டு மாதம் கழித்து. விதிக்கு எட்டு மாதம் தெரியாது, ஏழு நாள்தான் தெரியும்.

"ஏழாம் நாள் நானே வெட்டினேன். மெஷின் வந்து திறந்து பாத்தா, ஒவ்வொரு தாளோட மூலையிலயும் 'இது எங்க சொத்து, வேற யாருக்கும் குடுக்கக் கூடாது'ன்னு முத்திரை. பழசுல அது இல்லைன்னு எனக்குத் தெரியும். அதைக் காட்ட என்கிட்ட ஒண்ணும் இல்ல."

பழைய ஒப்பந்தக் கோப்பும் காலம் முடிந்து அழிந்திருந்தது. அப்படி முத்திரை குத்தினால், ஆதாரம் காட்டு என்று கம்பெனியைக் கேட்க அரசாங்கத்துக்கு உரிமை உண்டு. ஆனால் ஆறு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். எமெட் வருஷத்துக்கு ஒரு கடிதம் கொள்முதல் அதிகாரி கிராண்டலுக்கு எழுதினார். கிராண்டல் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பயந்தவர். "அவங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா ரிப்பேர் லைன் நின்னுடும் எமெட், உங்க ஞாபகத்தை வெச்சுக்கிட்டு நான் சண்டைக்குப் போக முடியுமா?" என்று கடிதத்தைத் தட்டில் போட்டுவிடுவார். அந்த ஆறு வருஷம் வருகிற செப்டம்பரோடு முடிகிறது.

"பழைய தாள் ஒண்ணு இருந்தா போதுமா?" என்று லோவீ கேட்டாள்.

"ஒண்ணு போதும். ஆனா யார்கிட்ட இருக்கும்? எரிச்சுட்டோம்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அவள் கையெழுத்து அந்த ரிஜிஸ்டரில்தான் இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் லோவீ பெட்டியைத் திறந்து தாளை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். ஹாய்ட் குனிந்து பார்த்தார். வலது மூலையில் முத்திரை இல்லை. பென்சில் எழுத்துதான் இருந்தது.

"பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு நீயே போய்ச் சொல்லப்போறியா?" என்றார்.

"போட்டது உண்மைதானே."

"பேரை அடிச்சிடுவாங்க, லோவ்."

"இப்படியே இருந்தாலும் பட்டறை போகும். பொய்யோட போறதுக்கு உண்மையோட போகட்டும்."

பென்சில் எழுத்து எமெட்டுடையது என்று அவள் அப்போதுதான் சொன்னாள். ஹாய்ட் அந்த எண்களை விரலால் தடவினார். "இதை எழுதினவன் எவ்ளோ பொறுமைசாலி," என்று மட்டும் சொன்னார். இத்தனை வருஷமாக அது பொண்டாட்டியின் எழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

ஜூன் மாதம் டிப்போவில் கூட்டம் போட்டார்கள். நீள மேஜை. ஒரு பக்கம் கிராண்டலும் டிப்போவின் வக்கீலும். எதிரில் கம்பெனியின் வக்கீல் மிஸ் ஆல்ட்ரிச், சின்ன வயசு, மரியாதையான பெண். லோவீக்கு நாற்காலியை இழுத்துப் போட்டதுகூட அவள்தான். எமெட் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். லோவீ எழுந்து தான் செய்ததைச் சொல்லித் தாளை மேஜையில் வைத்தாள். கிராண்டலின் முகத்தில் முதல் தடவையாகத் தெம்பு வந்தது. டிப்போ வக்கீல் மூலையைத் தொட்டுக் காட்டி, முத்திரை எங்கே என்று கேட்டார்.

மிஸ் ஆல்ட்ரிச் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். நிதானமாகப் பார்த்தாள். மூலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இந்தப் பென்சில் எழுத்து யாரோடது மிஸஸ் டாகெட்?"

லோவீ தாளைப் பார்த்தாள். என்னுடையது என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அது இரண்டாவது பொய். அவருடையது என்றால் அரசாங்கத் தாளில் கிறுக்கிய குற்றம் அவர் தலையில் விழும். பன்னிரண்டு வருஷம் இருவரும் வாய் திறக்காத விஷயம், இப்படிப்பட்ட இடத்திலா வெளிவர வேண்டும்? அவள் மனசுக்குள் ஜெபித்தாள். ஜெபம் முடிவதற்குள் சுவரோரம் நாற்காலி நகர்ந்தது.

"என்னோடது," என்றார் எமெட்.

"எதுக்கு எழுதினீங்க?"

அவர் லோவீயின் பக்கம் திரும்பவில்லை. "ஃபிலிம்ல எடுத்தா எண் தெளிவா விழாது. அதுக்காக."

"எல்லாப் பட்டறைக்கும் எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்ல."

"இவங்களுக்கு மட்டும்?"

"ஆமா."

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு வலது மூலையில் விரலை வைத்தாள். "இங்க ரப்பரால அழிச்சிருக்கு. எங்க முத்திரை வழக்கமா விழற இடம் இது. இங்க என்ன இருந்துச்சு?"

"மரை அளவு. எட்டுன்னு எழுதறதுக்குப் பதிலா மூணுன்னு எழுதிட்டேன். அழிச்சுட்டுச் சரியா எழுதினேன்."

"அது மட்டும்தான் அழிச்சீங்கன்னு யாராவது பாத்தாங்களா?"

எமெட் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் யோசிக்கிறதைப் பார்ப்பது கஷ்டம். "மத்தியானம். அறையில நான் ஒருத்தன்தான்," என்றார்.

அவ்வளவுதான். அச்சில் விழுந்த முத்திரையை ரப்பரால் அழிக்க முடியாது என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தாளில் கை பட்டிருக்கிறது. வைத்திருந்தவள் பொய்க் கையெழுத்துப் போட்டவள். எழுதியவர் அவளுக்கு மட்டும் சலுகை காட்டியவர். இதைக் கொண்டு வழக்காட முடியாது என்று டிப்போ வக்கீல் இரண்டு வாரத்தில் எழுதிக் கொடுத்தார். கிராண்டல் மறுபடி பயந்துகொண்டார். செப்டம்பர் வந்தது, போனது. முத்திரை நிலைத்தது. அரசாங்கம் ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிய சொத்து யாருக்கும் ஒரு சத்தமும் கேட்காமல் கை மாறியது.

அதற்குப்பின் நடந்ததெல்லாம் விதிப்படி நடந்தது. பொய்ச் சான்று கொடுத்ததற்காக டாகெட் பட்டறையின் பெயரை மூன்று வருஷத்துக்குப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். எமெட்டை ஜன்னலிலிருந்து எடுத்துக் கிடங்கில் போர்வை எண்ணப் போட்டார்கள். அறையில் கத்திரிக்கோல் மட்டும் இருந்தது, வெட்டத்தான் அட்டை இல்லை. மூடியைக் கம்பெனி எட்டு மடங்கு விலைக்கு விற்றது, அதையும் நேரத்துக்குக் கொடுக்கவில்லை. ரிப்பேர் கொட்டகைக்கு வெளியே லாரிகள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றதை லோவீ கோவிலுக்குப் போகிற வழியில் பார்ப்பாள். உள்ளங்கை அகல மூடி இல்லாமல் நிற்கிற லாரிகள்.

கூத்து அதோடு முடியவில்லை. அடுத்த வசந்தத்தில் கம்பெனியிலிருந்தே ஃபோன் வந்தது. இந்த மூடியைச் சரியாகச் செய்யத் தெரிந்த பட்டறை நீங்கள்தானாமே, எங்களுக்குச் செய்து கொடுங்கள், எங்கள் பெயரில் நாங்கள் டிப்போவுக்கு அனுப்பிக்கொள்கிறோம் என்றார்கள். முன்பு வாங்கிய கூலியில் பாதி. ஹாய்ட் வெளியே போய் லேத்தைத் துடைக்க ஆரம்பித்தார். ஐந்து ஆட்களில் இரண்டு பேர்தான் மிச்சம். லோவீ சரி என்றாள்.

வரைபடம் தபாலில் வந்தது. வலது மூலையில் கறுப்பாக, அழகாக முத்திரை. லோவீ தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மூக்குவரை கொண்டுபோனாள். பூதக்கண்ணாடி வைத்தாள். எறும்புகள் ஊர்ந்தன. நாற்பத்தொரு இடத்தில் ஒரு எண்கூட அவளுக்குப் பிடிபடவில்லை. ஆட்களைப் படிக்கச் சொன்னால் கண் விஷயம் வெளியே போய்விடும். பழைய தாள் கம்பெனி வக்கீலின் கோப்பில் ஆதாரமாக எங்கோ இருந்தது. ஹாய்ட் ஞாபகத்தை வைத்து இருபது மூடி கடைந்தார். அவள் கையால் தடவி அளந்து அனுப்பினாள். இருபதும் திரும்பி வந்தன, மயிரிழைதான் வித்தியாசம். அந்தக் கோடையில் லேத்துகளை விற்றார்கள். பீப்பாய் மட்டும் கொட்டகைப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது.

இதெல்லாம் தன்னால் வந்ததா என்று லோவீ பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். விதிப்படி எரித்திருந்தால் அவருக்குக் கெட்ட பெயர் வந்திருக்காது. அவர் விதியை மீறி வெட்டாமல் வைத்திருந்தால் அவளுக்குப் பட்டறை போயிருக்காது. அவர் விதியை மீறியது பென்சிலில் மட்டும்தான், அவள் மீறியது ஒரு தாளில் மட்டும்தான். அந்த இரண்டையும் பிடித்துத்தான் இருவரையும் கவிழ்த்தார்கள். கர்த்தருடைய கணக்கு வேறாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பினாள். நம்பியும் கசப்பு இறங்கவில்லை.

எமெட் சீக்கிரமே ஓய்வு வாங்கினார். நெஞ்சில் தண்ணீர் சேர ஆரம்பித்திருந்தது. வடக்கே ஒஹையோ மாநிலத்தில் இருந்த மகள் வந்து கூட்டிக்கொண்டு போகப்போகிறாள் என்று கேள்விப்பட்டு, லோவீ சோள ரொட்டியும் பொரித்த கோழியும் செய்து எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் போனாள். பாதை தெரிந்த வீடுதான், இருந்தாலும் ஹாய்ட் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. மகள் காரில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எமெட் முன்சீட்டில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். ஹாய்ட் மகளுக்குக் கைகொடுக்கப் பின்பக்கம் போனார்.

லோவீ என்னவெல்லாமோ சொல்ல நினைத்து வந்திருந்தாள். உங்கள் வேலை என்னால் போனது, மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒஹையோவில் குளிர் அதிகம், தக்காளி வராது என்று எதையோ சொன்னாள். அவர் தலையாட்டினார். மகள் காரைக் கிளப்பினாள். கண்ணாடியை ஏற்றப் போனவர் கையை நிறுத்தினார்.

"மிஸ் லோவீ, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு," என்றார். "நான் எழுதின எண்ணெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா? இன்னும் கொஞ்சம் பெருசா எழுதியிருக்கலாமோன்னு அப்பப்போ நினைச்சுப்பேன்."